ஜானுவுக்கு ஒரு மார்க்

அடையாறு கிளினிக்கில் அந்த டாக்டர் பெண் ஜெராக்ஸ் தாளை மேஜைமேல் விரித்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. முப்பது மார்க்காம். நாற்பத்திரண்டு வருஷம் என்னோடு குடித்தனம் செய்த ஜானுவுக்குப் பரீட்சை. எல்லாம் என் மருமகள் ஸ்ரீரஞ்சனியின் ஏற்பாடு. மாமியார் ரசத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டார், மாட வீதியில் வழி தெரியாமல் நின்றார் என்று ஒரு பட்டியலே எழுதிக் கொடுத்திருக்கிறாள். மறதி நோய் என்று ஒரு சீட்டு வாங்கிவிட்டால் ஜானு பேரில் இருக்கும் மயிலாப்பூர் வீடு யார் கைக்குப் போகும்? எனக்குத் தெரியாதா என்ன.

டாக்டர் உம்மே ஹானி மரியாதையாகத்தான் கேட்டாள். கிழமை, மாசம், பிரதமர் யார். அந்த வருஷம் பிரதமர்கள் மாறிய வேகத்தில் எனக்கே தடுமாறும். ஜானு சிலதைச் சொன்னாள், சிலதுக்குச் சிரித்து மழுப்பினாள். நான் எடுத்துக் கொடுத்தேன்.

"நீங்க சொல்லாதீங்க சார். அவங்களே சொல்லட்டும். உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

ஜானு தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் பேனாவை எடுத்தாள். எனக்கு வந்ததே கோபம்.

"சைபர் போடப் போறேளா? எங்காத்துல பொம்மனாட்டிகள் ஆம்படையான் பேரைச் சொல்ல மாட்டா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவ சொன்னதில்லை. உங்க தாளுக்கு அதெல்லாம் தெரியுமோ?"

"எங்கம்மாவும் சொல்ல மாட்டாங்க சார்," என்றாள் அவள். "பழக்கம் வேற, மறதி வேற. அதைப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும்னு எங்களுக்கும் விதி இருக்கு."

வெள்ளைத் தாள் ஒன்றை ஜானுவிடம் நீட்டினாள். "எழுதிக் காட்டுங்கம்மா."

ஜானு நிதானமாக எழுதினாள். ஸ்ரீனிவாசராகவன். ஓர் எழுத்து பிசகவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஸ்ரீரஞ்சனி முகத்தில் இன்று கரிதான் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரும் சிரித்துக்கொண்டே ஒரு மார்க் போட்டாள். பிறகு என்னைக் காட்டினாள்.

"இவர் யாரும்மா?"

ஜானு அவள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"தெரியலைம்மா. கார்த்தாலேர்ந்து கூடவே வந்துண்டிருக்கார். ஆட்டோவுல பக்கத்துலயே உக்காந்துண்டார். பயமா இருக்கு. எங்காத்துக்காரருக்கு ஒரு போன் பண்ணிச் சொல்றேளா?"

எனக்கு அழுகை முட்டியது. அழுதால் இன்னும் பயந்துவிடுவாள். நாற்காலியை ஓசைப்படாமல் தூக்கி, அவளிடமிருந்து இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டேன்.