குழாய் போகும் வழி

வாஷி ஆபீசில் என் வேலை, பழைய நில வரைபடங்களைக் கணினியில் ஏற்றி, இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்துவது. அன்று வந்தது எங்கள் செம்பூர்ப் பக்கத்துத் தாள். அறுபது வருடப் பழசு. இரண்டு குன்றுகளுக்கு நடுவே நெல்வயல், கிணறுகள், ஓரத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் வட்டத் தொட்டிகள். வயல்களின் ஊடே விட்டுவிட்டு ஒரு கோடு. மண்ணுக்கடியில் போகும் எண்ணெய்க் குழாய். அதன்மேல் இன்று இருக்கும் வீடுகளை நான் குறித்துக் கொடுக்க வேண்டும். குறித்த வீடுகளைக் காலி செய்துவிடுவார்கள்.

பொருத்தினேன். கோடு எங்கள் வீட்டுச் சமையலறை வழியாகப் போயிற்று.

இத்தனை வருடம் எதன்மேல் படுத்துத் தூங்கினோம் என்ற பயம் முதலில் வரவில்லை. வீடு போய்விடும் என்பதுதான் வந்தது. வெளியே சொல்லக்கூடாத விஷயம். ஆனாலும் மாடிப்படிக்குப் போய் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நல்லாப் பாரு ஏட்டி. கண்ணாடியப் போட்டியா?" என்றாள் அம்மா.

திரும்பி வந்து நான்கு தடவை பார்த்தேன். கோடு அங்கேயே இருந்தது.

"ஒரே எடத்தையே மொறைச்சுண்டு இருக்கியே, உமா?" பக்கத்து நாற்காலி நகுல் எட்டிப் பார்த்தான். மாட்டுங்காவில் வளர்ந்த தமிழன். "அரே, பழைய தாளாச்சே, திருத்தம் போட்டியோ?"

போடவில்லை. அந்தக் காலத்துத் தாள்களின் அளவுமுறை வேறு. திருத்தம் போடாவிட்டால் எல்லாமே தள்ளி விழும். புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்கிற தப்பு. நான் சேர்ந்து ஏழு வருடம்.

போட்டேன். கோடு நகர்ந்து, இரண்டு சந்து தாண்டி, ரஷீதா அக்கா வீட்டின்மேல் நின்றது. "அப்பாடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நகுல் சிரித்தான்.

எனக்குக் காய்ச்சல் என்றால் முதலில் கஞ்சியோடு வருகிறவள் ரஷீதா அக்கா.

போன் அடித்தது.

"என்னளா ஆச்சு?"

"தப்பாப் பாத்துட்டேம்மா. நம்ம வீடு இல்ல."

"தாயே முத்தாரம்மா! ரஷீதாவும் சோறு திங்காம எங்கூடவே உக்காந்து கெடக்கா. இந்தா, பேசு."

போன் கைமாறியது.

"வீடு தப்பிச்சுட்டுல்லா, சந்தோசம்ளா," என்றாள் ரஷீதா அக்கா. "அப்ப யாரு வீட்டுக்கடியில போவுதாம்?"

திரையில் அவள் வீட்டு நீலத் தகரக் கூரை. நான் இன்னும் அதைக் குறிக்கவில்லை.

"அக்கா... சாயங்காலம் ஒங்க வீட்டுக்கு வாரேன்," என்றேன்.

போன் மறுபடி அம்மா கைக்குப் போயிற்று.