பிரிசில்லா சிஸ்டர் போடாத ஊசி

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். ஆங்கிலத்தில் எது வந்தாலும் அனுப்பிரியாவுக்குத் தெரியும் என்று வீடே நம்பியது. நானும் நம்பித் தொலைத்தேன்.

அம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. மறதி நோயின் ஆரம்பம், மாத்திரை கொஞ்ச காலம் தாங்கும், குணமாக்காது என்று சிதம்பரத்தில் டாக்டர் சொன்னபோது எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. மூன்று வாரம் தேடி, மூளைச் செல்லை வளர்க்குமாம் என்று ஒரு பெப்டைட் ஊசிமருந்தை ஆன்லைனில் வரவழைத்தேன். அனுமதி இல்லாதது. தெரிந்தேதான் வாங்கினேன்.

கடலூரில் எங்கள் தெருவில் இருக்கும் பிரிசில்லா சிஸ்டர் ஆஸ்பத்திரி நர்ஸ். டாக்டர் சீட்டு இருந்தால் வீட்டுக்கு வந்து ஊசி போடுவார். வீட்டுக்கு வந்தவரிடம், அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, நான் சீட்டுக்குப் பதில் ஆராய்ச்சிக் கட்டுரையை நீட்டினேன்.

குப்பியைத் திருப்பிப் பார்த்தார். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதெல்லாம் சட்டத்துக்காகப் போடுவது என்றேன். மருந்து கொடுத்த எலிகள் சீக்கிரம் வழி கண்டுபிடித்த கதையையும் விளக்கினேன்.

"எத்தினி எலி?"

"இருவத்திநாலு."

"மனுஷங்க?"

கட்டுரையைப் புரட்டினேன். மனிதர்கள் யாரும் இல்லை.

"நீ சிப்காட்ல லேப்லதான வேல பாக்குற? பேட்ச் சர்டிபிகேட் இல்லாம கெமிக்கல் டிரம் வந்தா உள்ள வுடுவியா?"

போன வாரம்தான் ஒன்றைத் திருப்பி அனுப்பியிருந்தேன். லாரிக்காரர் கெஞ்சியும் மசியவில்லை. அது சுருக்கென்று தைத்ததில், நர்ஸுக்கு ஆராய்ச்சியெல்லாம் புரியாது, அம்மாவுக்கு நானே போட்டுவிடுகிறேன் என்று கத்திவிட்டேன்.

அவர் அம்மா பக்கம் திரும்பி, இதனால் நல்லது நடக்குமா கெட்டது நடக்குமா என்று யாருக்கும் தெரியாது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மூன்று வாரத்தில் ஒருமுறைகூட நான் கேட்காத கேள்வி.

அம்மா யோசித்தாள்.

"இப்ப பேருதான் மறக்குது மாலதி. நானே குளிச்சிக்கிறேன், நானே சோறாக்குறேன். ஊசி போட்டு அதுவும் போச்சின்னா? நீ வேலைக்குப் போவியா, என்னப் பாப்பியா?"

மாலதி என் அக்கா. நான் திருத்தவில்லை. குப்பிகளைக் கம்பெனிக் கழிவோடு எரிக்கக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் சிஸ்டர் லீவு போட்டுவிட்டு எங்களோடு சிதம்பரம் வந்தார். நான் கோபத்தில் கேட்காமல் விட்டதையெல்லாம் டாக்டரிடம் கேட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் அம்மாவுக்குச் சர்க்கரை எகிறிக் கிடந்தது தெரிந்தது. அதுவும் மறதியைக் கூட்டுமாம். இப்போது சர்க்கரை இறங்கியிருக்கிறது. மறதி இருக்கிறது.

எனக்கு யாரிடமும் சுலபத்தில் நன்றி வராது. இந்த சிஸ்டரிடம் வருகிறது. அன்று அவர் அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால், என் கையாலேயே குத்தியிருப்பேன்.

"சிஸ்டர், அன்னிக்கு நான் பேசுனது தப்பு."

"தப்புதான்" என்றார். பிறகு சர்க்கரை பார்க்க அம்மாவை விரல் நீட்டச் சொன்னார்.