மைனஸ் பதினெட்டில் முதுவேனில்

சமையலறைச் சுவரில், அடுப்புக்கு நேர் எதிரே, ஆறு கட்டம் போட்ட ஒரு தாள் ஒட்டியிருந்தது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். எந்தப் பருவத்தில் எத்தனை மணிக்கு எழுவது, எதைத் தின்பது, எதைத் தொடக்கூடாது, பகலில் தூங்கலாமா கூடாதா, எல்லாம் அதில் இருந்தது. சொன்னது ஆயுர்வேத வைத்தியர். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, சிவப்பு மையில் தலைப்பு எழுதி, அதை டைம்டேபிள் ஆக்கியது அவள் புருஷன். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த மனுஷன். அவர் கையில் மாட்டினால் பருவகாலம் மட்டும் தப்பிக்குமா என்ன.

ஒவ்வொரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒல்லியாக இன்னொரு கட்டம். 'சந்தி, பதினாலு நாள்' என்று அதில் எழுதியிருந்தது. பழைய பழக்கத்தைக் கால் பங்கு கால் பங்காக விட்டு, புதியதைக் கால் பங்கு கால் பங்காகப் பிடிக்க வேண்டுமாம். திடுதிப்பென்று மாற்றினால் உடம்பு தாங்காதாம். மொத்தத் தாளிலும் அவருக்கு ரொம்பப் பிடித்தது அந்த ஒல்லிக் கட்டம்தான். "ஒரு ட்ரிப் முடிச்சு வந்த வண்டியை உடனே அடுத்த ட்ரிப்புக்கு விரட்டக் கூடாதும்மா. கொஞ்சம் நிக்கணும், இன்ஜின் ஆறணும். அது தெரிஞ்சவன் எழுதினது இது" என்பார்.

இப்போது முதுவேனில் நடந்துகொண்டிருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. விடிவதற்கு முன்பே எழுந்து அவர் அவளுக்கு டப்பா கட்டுவார். வெள்ளரிக்காய், உப்பு பேருக்குப் போட்டு வேகவைத்த பூசணிக்காய், ஆறிப்போன கஞ்சி, ஒரு பாட்டில் நிறைய திராட்சை ஊறிய தண்ணீர். காரம் கிடையாது, புளிப்பு கிடையாது, சூடு கிடையவே கிடையாது. "உடம்பு குளுகுளுன்னு இருக்கும்" என்று சொல்லித்தான் மூடுவார்.

குளுகுளுவென்று இருக்க அவளுக்கு டப்பா ஒரு கேடு. அவள் வேலை பார்த்தது குளிர்பதனக் கிடங்கில். உறைந்த பட்டாணியும் சோளமும் அட்டைப்பெட்டிகளில் கூரை வரை அடுக்கியிருக்கும் அறையில், மைனஸ் பதினெட்டு டிகிரியில், வருஷம் முழுக்க ஒரே பருவம். பஞ்சு வைத்த கோட்டு, இரண்டு ஜோடி கையுறை, முழங்கால் வரை பூட்ஸ். பேனாவில் மை உறைந்துவிடும் என்பதால் பென்சிலால்தான் பெட்டிகளைக் குறிப்பாள். லாரி வந்தால் வெளியே ஓடி வெயிலில் நின்று சரிபார்ப்பாள், மறுபடி உள்ளே ஓடுவாள். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு.

டப்பாவை அவள் திறப்பதே இல்லை. பின் கேட்டில் தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனிடம் காலையிலேயே நீட்டிவிடுவாள். அவளைத் தங்கச்சி என்று கூப்பிடும் மனுஷன். முதல் நாள் வேண்டாம் வேண்டாம் என்றார். மூன்றாம் நாளிலிருந்து அவள் வருவதற்கு முன்பே பாட்டிலுக்குக் கையை நீட்டினார். அவள் கேன்டீனில் நின்றபடியே சுடச்சுட டீயும் பன்னும் முழுங்கிவிட்டு ஓடுவாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் தப்பிக்க வழியில்லை. எதிரே உட்கார்ந்து அவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஜில்லென்ற கஞ்சி தொண்டையில் இறங்கும்போது கிடங்கின் கதவு அவளுக்குள்ளேயே திறந்துகொள்வது போலிருக்கும்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்பது சுலபம். அந்த மனுஷன் ரிட்டயர் ஆன பிறகு எட்டு மாசம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். தலைசுற்றல் என்றார், கண்ணெரிச்சல் என்றார், தூக்கமில்லை என்றார். எடுக்காத டெஸ்ட் இல்லை, எதிலும் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் இந்த வைத்தியரும் இந்தத் தாளும் வந்தது. ஆள் எழுந்தார், குளித்தார், கடைக்குப் போனார், அடுப்பைப் பற்றவைத்தார். தாளைக் குறை சொன்னால் எழுந்த ஆள் மறுபடி படுத்துவிட்டால் என்ன செய்வது? அதோடு, எட்டு மணி நேரம் பனியில் நின்றுவிட்டு வந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது. பேசாமல் முழுங்குவது வேலை குறைச்சல்.

ஆனால் உடம்பு பேசாமல் இல்லை. கோட்டு பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போய்விட்டது. காலையில் பொத்தான் போட விரல் மடங்கவில்லை. போன வாரம் ஒரு பெட்டி கைநழுவி விழுந்து பட்டாணி தரையெல்லாம் கோலிக்குண்டாக உருண்டது. சூப்பர்வைசர் திட்டவில்லை, அவள் விரல்களைப் பார்த்துவிட்டு நகர்ந்தார். திட்டியிருந்தால் தேவலை. விரலால் வேலை போனால் வீட்டில் இரண்டு பேருக்கும் சோறு போகும்.

அவள் இளைப்பதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "எனக்கு வேலை செய்யுது, உனக்கு ஏன் செய்யலே? சனிக்கிழமை வைத்தியரைப் பாத்துருவோம். நானே கேட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

சரி என்று தலையாட்டினாள். கேட்டில் யார் உட்கார்ந்திருப்பார் என்பது சனிக்கிழமை மதியம்தான் அவளுக்கு உறைத்தது. அப்போது பார்த்து மூன்று லாரி வரிசையாக வந்து நின்றது. வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்து கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வெளிக்காற்று பட்டதும் எப்போதும்போல மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து கண்ணே தெரியவில்லை. துடைத்தால் உடனே மறுபடி படியும். பழகின தடம் என்பதால் அப்படியே கேட்டைப் பார்த்து நடந்தாள். பெஞ்சில் இரண்டு உருவம் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் குரல் வந்தது.

"தங்கச்சி புருஷன்னா எனக்கு மாப்பிள்ளைதானே, அதனால மனசு விட்டுச் சொல்றேன். இந்த வெயிலுக்கு வருஷா வருஷம் எனக்கு வயித்தெரிச்சல், நீர்க்கடுப்பு, ராத்திரி பொட்டுத் தூக்கம் இருக்காது. இந்த வருஷம் ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. எல்லாம் உங்க கையால ஊற வச்ச திராட்சைத் தண்ணிதான். பூசணிக்காய் மட்டும் கொஞ்சம் உப்பு பத்தலை."

அவள் கால் அங்கேயே நின்றுவிட்டது. புருஷன் முகத்தைப் பார்க்கலாம் என்றால் கண்ணாடி முழுக்க வெள்ளை. கழற்றினாலும் அவளுக்கு அந்தத் தூரம் தெரியாது. அது தெரியாமலே பஸ் ஏறினாள், தெரிந்துகொள்ளத் தைரியம் வராமல் வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வைத்தியர் வீட்டு முன்னறையில் ஏழு பேர் காத்திருந்தார்கள். டோக்கனைக் கையில் வைத்து மடித்துக்கொண்டே அவர் கேட்டார்.

"எவ்வளவு நாளா?"

"இந்தக் கட்டம் ஆரம்பிச்சதுலேருந்து."

விரல் விட்டு எண்ணினார். "நாப்பத்தோரு நாள்."

"ம்."

"கொட்டலையே?"

"இல்லைங்க. எல்லாம் அவர்தான் சாப்பிட்டார்."

"பாத்தேன். ஆளு நல்லாத்தான் இருக்கார்." டோக்கனில் இன்னொரு மடிப்பு வைத்து, "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார்.

மழுப்பலாம் என்றுதான் நினைத்தாள். மழுப்புவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

"சொன்னா நீங்க மறுபடியும் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துடுவீங்களோன்னு பயம். இன்னொரு தடவை அதைப் பாக்க என்னால முடியாதுங்க. அதுக்கு ஜில்லுனு கஞ்சி குடிச்சுட்டுப் போயிடலாம்."

அவர் டோக்கனை மடிப்பதை நிறுத்தினார். எதிரே ஒரு கைக்குழந்தை சிணுங்கி ஓய்ந்தது.

"உள்ளே எத்தனை டிகிரி?"

"மைனஸ் பதினெட்டு."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை உள்ளேயும் வெளியேயும் போவே?"

"லாரியைப் பொறுத்து. இருபது, இருபத்தஞ்சு."

"நடுவுல நிக்க நேரம் உண்டா?"

"பத்து நிமிஷம்னு சுவத்துல எழுதி ஒட்டியிருக்காங்க."

"குடுக்கறாங்களா?"

அவள் சிரித்தாள். அதுவே அவருக்குப் பதிலாக இருந்தது. ஒரு பருவத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பதினாலு நாள் வேண்டும் என்று தன் கையாலேயே எழுதி ஒட்டியவர் அவர். வீட்டிலேயே ஒருத்தி ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு நாளைக்கு இருபத்தைந்து தடவை போய் வந்துகொண்டிருந்தாள். தெர்மாமீட்டர் இல்லாமலே அதை அவர் கண்டுபிடித்திருக்கலாம்.

"பதினோரு வருஷத்துல நான் இதைக் கேட்டதே இல்லை, இல்ல?" என்றார்.

"இல்லைங்க."

பரவாயில்லை என்று சேர்த்துச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் பெல்ட்டில் இரண்டு ஓட்டை போயிருக்கிறது.

உள்ளே, வைத்தியர் அவள் விரல்களைப் பிடித்ததும், "இந்த வெயில்லயா இவ்வளவு ஜில்லுனு?" என்றார். வைத்தியர் அவள் புருஷனைவிடப் பத்து வயது சின்னவர், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு ஒரு பெண்மணி. அவள் வாய் திறப்பதற்குள் அவள் புருஷன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தாள் தப்பில்லை என்றும், தான் வெளியே இருக்கும் வெயிலைப் பார்த்துச் சமைத்துவிட்டதாகவும், இவள் நிற்பது பின்பனியில் என்றும், அந்தக் கட்டத்தைத் தான் எழுதினதோடு சரி, திரும்பப் படித்தே பார்க்கவில்லை என்றும் சொன்னார்.

"அந்தக் கட்டத்துல என்ன எழுதிக் குடுத்தேன்னு ஞாபகம் இருக்கா? பனியில பசி கூடும், அதுக்குத் தீனி போடலைன்னா அது உடம்பையே தின்னும்னு" என்றார் வைத்தியர். அப்புறம் அவளைப் பார்த்து, "வேலையை மாத்திக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாது" என்றார்கள் இருவரும் ஒன்றாக.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க." வைத்தியர் பெருமூச்சு விட்டபடி எழுத ஆரம்பித்தார். சூடான சாப்பாடு, நெய், கைக்கு நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர். ஒரு நாளைக்குள் இரண்டு பருவம் பார்க்கிறவளுக்குத் தனிக் கட்டம் எதுவும் தன்னிடம் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். "கூடின வரைக்கும் நடுவுல நின்னு போங்கம்மா" என்றார்.

நடுவில் நிற்க யார் விடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அவள் எழுந்தாள்.

திங்கட்கிழமை காலையில் மேடைமேல் இரண்டு டப்பா இருந்தது. மூடியில் பட்டை ஒட்டி, ஒன்றில் 'பின்பனி', இன்னொன்றில் 'முதுவேனில்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. முதல் டப்பா தொட்டாலே சுட்டது. மிளகு வாசனை மூடியைத் தாண்டி வந்தது.

"ரெண்டாவது யாருக்கு?"

"மச்சானுக்கு. நாப்பத்தோரு நாள் சாப்பிட்ட ஆளைத் திடுதிப்புனு நிறுத்தலாமா?" என்றார் அவர், திரும்பாமலே. பிறகு, "உப்பு கொஞ்சம் கூடப் போட்டிருக்கேன்" என்றார்.

அன்றைக்கு லாரி ஐந்து வந்தது. இருபத்தெட்டு தடவை கதவைத் தள்ளினாள். மதியம் முதல் முறையாக உட்கார்ந்து சாப்பிட்டதால் வயிறு மட்டும் அவள் பக்கம் இருந்தது. விரல்கள் இன்னும் இல்லை. நாலு மணிக்கு வெளியே வந்தபோது கண்ணாடி வெளுத்து, உலகம் வெளுத்து, இன்னும் பத்து நிமிஷத்தில் பஸ் என்ற நினைப்பு மட்டும் இருந்தது. யாரோ முழங்கையைப் பிடித்தார்கள். நல்லெண்ணெய் வாசனையில் யாரென்று தெரிந்தது.

"உக்காரு" என்றார் அவர். பெஞ்சில் வாட்ச்மேன் நகர்ந்து இடம் விட்டார்.

கையுறையைக் கழற்றி விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்துக் கால் டம்ளர் வெந்நீர் ஊற்றினார். ஆவி பறக்க அவள் குடித்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கால் டம்ளர், இந்தத் தடவை தண்ணீர் கலந்து, அவ்வளவு சூடு இல்லாமல். கைக்கடிகாரத்தை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"என்னங்க இது?"

"சந்தி. பதினாலு நாள் நமக்கு யாரும் தர மாட்டாங்க. பதினாலு நிமிஷம் உக்காரலாம். ஷிப்ட் முடிஞ்சப்புறம் யாரையும் கேக்க வேண்டாமே."

"நாலு பத்து பஸ்ஸு போயிடுமே."

முப்பது வருஷம் பஸ்ஸை நிமிஷம் பிசகாமல் அனுப்பிய மனுஷன். தானும் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டதில்லை, கல்யாணத்தன்றுகூட அவளை நிறுத்தத்துக்கு ஓட வைத்தவர். அவரிடம் போய் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு அலுப்பாக இருந்தது. திருப்பத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. எழுந்திருக்கப் போனாள். அவர் கை மறுபடி முழங்கையைப் பிடித்தது, விடவில்லை.

"போகட்டும்" என்றார்.

பஸ் கேட்டைத் தாண்டி நிறுத்தத்தில் நின்றது, யாரையோ ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அவள் கண்ணாடியில் ஆவி ஓரத்திலிருந்து மெல்ல விலகி, முதலில் வாட்ச்மேனின் காலி பாட்டிலும் அப்புறம் புருஷன் முகமும் தெரிந்தது. அவர் பஸ்ஸைப் பார்க்கவில்லை. எட்டு மாசம் சுவரைப் பார்த்த முகம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அதற்கும் களைப்பாக இருந்ததால் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு" என்று சொல்லி அவர் மூன்றாவது கால் டம்ளரை ஊற்றினார்.