சண்டியன் கேட்ட சீனி

கதவைத் திறந்த ஜெயனியின் கண்ணில் முதலில் பட்டது ஒரு வெறும் கோப்பை. அதைப் பிடித்திருந்த கைக்குள் கோப்பை பாதி மறைந்து போயிருந்தது. அண்ணாந்து பார்த்தால் உருத்திரமூர்த்தியின் முகம்.

"பிள்ளை, கொஞ்சம் சீனி இருக்கோ?"

கீழ் வீட்டுச் சண்டியன்! அவள் கதவைப் பாதி சாத்திப் பிடித்துக்கொண்டாள்.

வடக்கே, ரோட்டே முடிந்து போகிற ஊரில், தங்கச் சுரங்கக் காம்பில் வருடக்கணக்காகக் கிடந்த ஆள். அங்கே ஒரு பாரில் மூன்று பேரை ஒரே நேரத்தில் தூக்கிப் போட்டாராம். மேல்வாயில் இரண்டு பல் அங்கேதான் போனது. மொன்றியலுக்குத் திரும்பிய பிறகும் கை சும்மா இருக்கவில்லை. போன மாதம் கட்டடத்து வாசலிலேயே ஒருவனைப் போட்டு அடித்தார். மேலே ஜன்னலில் நின்ற ஜெயனிதான் பொலிசைக் கூப்பிட்டாள். பொலிஸ் காரில் ஏறும்போது அந்த ஆள் நிமிர்ந்து அவளுடைய ஜன்னலைப் பார்த்தாரே ஒரு பார்வை! அன்றிலிருந்து படியில் அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டால் அவள் வெளியே போவதில்லை.

அந்த மனிதர், நத்தாருக்கு முதல் நாள், சீனி கேட்கிறார். கோப்பை நிறையக் கொடுத்தாள். "மெர்சி" என்று நன்றியை ஏசுவது மாதிரிச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

உடனே ஹென்றிக்குப் போன் எடுத்தாள். அவள் புருஷன் டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோரன்ட் குசினியில் சமையல் வேலையில் நின்றான்.

"இஞ்சாருங்கோ, கீழ் வீட்டுக்கும் கேக் வைச்ச பலகாரத் தட்டு குடுத்தனீங்களோ?"

"ஓம். எல்லாருக்கும் குடுத்திட்டு அந்தாளை மட்டும் விட ஏலுமோ?"

"ஐயோ, நான் பொலிசுக்குப் போன் அடிச்சது அந்தாளுக்குத் தெரியும். நக்கலுக்கு அனுப்பினது எண்டெல்லோ நினைப்பார்! இப்ப வந்து சீனி வாங்கிக்கொண்டு போறார்."

"தேத்தண்ணிக்கா இருக்கும். போனை வையும், இஞ்ச சனம் முட்டி வழியுது."

முதுகில் கடதாசிச் செட்டையோடு மகள் சாருஜா குறுக்கே வந்தாள். "அம்மா, நாலு மணிக்குக் கோயிலில நிக்கோணும். நான் இல்லாட்டி ஆர் மாதாவுக்குச் சேதி சொல்லுறது?"

இந்த வருட நத்தார் நாடகத்தில், யேசு பிறப்பைச் சொல்ல வருகிற தேவதூதச் சம்மனசு அவள்தான். ஒரு மாதமாக வீட்டில் வேறு கதையே இல்லை.

ஜெயனி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். பனி வழிக்கிற மெஷின் தெருப் பனியையெல்லாம் அவளுடைய காரோடு அணைத்துக் குவித்துவிட்டுப் போயிருந்தது. காரின் பின்பக்கம், பெற்றோல் மூடிக்குப் பக்கத்தில், குனிந்தபடி உருத்திரமூர்த்தி.

அவளுக்குப் பொறி தட்டியது. பெற்றோல் ராங்குக்குள் சீனி போட்டால் எஞ்சின் செத்துவிடும் என்று யாரோ ஒரு பார்ட்டியில் சொன்னது ஞாபகம் வந்தது. பழிவாங்க வந்த ஆளுக்குச் சீனியையும் தன் கையாலேயே அள்ளிக் கொடுத்திருக்கிறாள்!

கையில் இருந்த அகப்பையோடு கீழே ஓடினாள். பின்னால் சம்மனசும் ஓடியது.

"அண்ணை! காரை விடுங்கோ! பிள்ளைக்கு நாலு மணிக்கு நாடகம்!"

அவர் நிமிர்ந்தார். கையில் பனி அள்ளுகிற சவள்.

"தெரியும். கிழமைக் கணக்கா என்ர தலைக்கு மேல 'அருள் நிறைந்த மரியே வாழ்க' எண்டு குதிக்கிறாள். எனக்கே மனப்பாடம்."

பின் சக்கரம் இரண்டும் வெளியே தெரிந்தன. பாதிப் பனியை வழித்து எறிந்திருந்தார். ஜெயனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெற்றோல் மூடியின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பனிதான்.

"பனியைத் தின்னாதை, பிள்ளை. நாய் வந்து போற இடம். ஏறி ஸ்ரியறிங்கைப் பிடி, நான் தள்ளுறன்."

கார் ஒரு உறுமலோடு வெளியே வந்தது. அவர் மூச்சு வாங்க வந்து கண்ணாடியில் தட்டினார். அவள் கொஞ்சமாக இறக்கினாள்.

"அண்டைக்குப் பொலிசுக்கு அடிச்சது நீதானே?"

"...ஓம், அண்ணை."

"நல்ல வேலை செய்தாய். இல்லாட்டி அவனைக் கொன்றிருப்பன்."

"ஆரை?"

"என்ர சொந்தத் தம்பியை. நாளைக்குச் சாப்பிட வாறான்." சவளைத் தோளில் போட்டார். "போ, நேரம் போகுது."

சம்மனசு நாலு மணிக்குச் சேதி சொல்லிவிட்டது. ஜெயனிக்கு நாடகத்தில் மனம் நிற்கவேயில்லை. தம்பியை அடித்தவர், அடிக்கவிடாமல் செய்தவளுக்குப் பனி வழிக்கிறார். சரி, இருக்கட்டும். அப்படியென்றால் அந்தச் சீனி எங்கே போனது?

வீட்டுக்கு வந்தால், கதவடியில் அவர்களுடைய பலகாரத் தட்டு பளபளவென்று கழுவி வைத்திருந்தது. நடுவில், கோபுரம் மாதிரிக் குவித்த சீனி.

"அம்மா, இது எங்கட சீனியெல்லோ!" என்றாள் சாருஜா.

கீழ்ப் படியிலிருந்து உறுமல் கேட்டது. "வெறுந்தட்டுத் திருப்பிக் குடுக்கக் கூடாதெல்லோ! எனக்குச் சலரோகம், வீட்டில சீனி வைக்கிறேல்லை."

"அப்ப நாங்கள் தந்த கேக், மாமா?"

கீழே கதவுப் பிடி திருகுகிற சத்தம் கேட்டது.

"அது முடிஞ்சுது," என்றது குரல், கதவு படாரென்று சாத்தப்பட முன்.

ஜெயனி தட்டோடு நின்றாள். தன் சீனியே தன்னிடம் வந்திருக்கிறது. இதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமா, அவர்தான் சொல்லிவிட்டாரா என்று அவளுக்குப் பிடிபடவேயில்லை. நாளைக்குத் தம்பியும் வருகிறான். குசினிக்குள் போய் இன்னொரு தட்டு எடுத்தாள். இந்தமுறை இரண்டு பேருக்கு அடுக்கினாள், கேக்கை மட்டும் ஒருவருக்கு.