கொரில்லாவின் கண்ணைப் பார்க்காதே

1
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோலார் தங்கவயலில் கொரில்லா கிடையாது. ஆனால் பாதுகாப்பு வாரத்தில், ஆட்களைக் கீழே இறக்கி வேலை வாங்கும் ஒரு ஷிஃப்ட் பாஸ் அதைப் பற்றியே பேசினால் எப்படியிருக்கும் என்று யோசித்தேன். கதை அங்கேதான் பிறந்தது. (எந்தச் சுரங்கம் என்று கேட்காதீர்கள். என் மாமனார் அங்கே பென்ஷன் வாங்குகிறார்.)

1961. மாரிகுப்பத்தில் பனி மூடிய ஒரு காலை, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டின் சக்கரம்...

வேண்டாம். எல்லாக் கதையிலும் பனி மூடுகிறது.

2
அந்த ஷிஃப்ட் பாஸ் வால்டர் துரை, ஆப்பிரிக்கச் சுரங்கத்தில் இருந்துவிட்டு வந்தவர். போன வாரம் கீழ் லெவலில் பாறை வெடித்து, அவரிடம் வேலை செய்த நேசமணியின் கால் நசுங்கியது. பாதுகாப்பு வாரத்தில் துரை கொரில்லாவைப் பற்றிப் பேசினார். பாறையைப் பற்றிப் பேசினால் முட்டுக்கொடுக்க மரம் வாங்க வேண்டும். கொரில்லாவுக்கு வாய் போதும்.

வழக்கப்படி ஆட்கள் ஷாஃப்ட் வாசலில் நின்று விதிகளைக் கோரஸாகத் திருப்பிச் சொன்னார்கள்.

"கண்ணைப் பார்க்காதே! குனிந்து நில்! சத்தம் போடாதே! மார்பில் அடித்துக்கொண்டு பாய்ந்து வந்தாலும் ஓடாதே! பெரும்பாலும் சும்மா மிரட்டும்!"

"இத்த இன்னாத்துக்குப்பா புதுசா சொல்லித் தராரு?" என்றான் முனிரத்தினம். "துர எதுர்ல தெனம் இப்டித்தான நிக்கிறோம்?"

(கொரில்லாக்கள் மன்னிக்கவும். அவை இலை தழை தின்று குடும்பத்தோடு வாழ்பவை. யாரையும் கீழ் லெவலுக்கு அனுப்புவதில்லை.)

3
காத்தவராயனை முதலில் வீரனாக எழுதினேன். அடித்துவிட்டேன். அவன் பயந்தவன். ஆள் நல்ல உயரம், குனிந்தாலும் துரை கண்ணில் படுவான் என்று, துரையிடம் பேசுவதற்கு மற்ற ஆட்கள் அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். நேசமணி விழுந்த இடத்துக்கே இன்று இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே பாறை இன்னும் முனகுகிறது.

"வேலை போனா பார்த்துக்கலாம். நீ போனா நான் இன்னா பண்றது?" என்று அவன் மனைவி சரோஜம்மா வீட்டு வாசலில் சொல்லி அனுப்பியிருந்தாள். எனக்கு இந்தக் கதையில் அவளைத்தான் பிடிக்கும்.

4
"துர, மரம் வெக்காம அங்க எறங்க முடியாதுங்க."

வால்டர் தொப்பியைக் கழற்றி மேசையில் அடித்தார். கத்தினார். வேலைச் சீட்டைக் கிழிப்பேன் என்றபடி பாய்ந்து வந்தார். காத்தவராயன் தலையை நிமிர்த்தி அவர் கண்ணைப் பார்த்தான்.

"ஓடக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க துர. நான் ஓடல. எறங்கவும் மாட்டேன்."

5
இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மரம் வந்தது; நம்பும்படி இல்லை. இன்னொன்றில் அவனைத் தனியாக வெளியே அனுப்பிவிட்டு மற்றவர்களை இறக்கினார்கள். அதை எழுதும்போது கை கூசியது, கிழித்துப் போட்டேன்.

துரை சொல்ல மறந்த ஒரு விதி உண்டு: கூட்டமாக நிற்பவர்களைக் கொரில்லா எளிதில் தொடாது.

ஆட்களைக் கீழே இறக்கும் கேஜின் கதவு திறந்திருக்கிறது. காத்தவராயன் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் நிற்பவர்களில் நீங்களும் ஒருவர். இவ்வளவு நேரம் கதை கேட்டுக்கொண்டு தரையைப் பார்த்து நின்றீர்கள்.

இப்போது எங்கே பார்க்கிறீர்கள்?