செத்த ராஜாவுக்கு இரண்டாம் பாட்டு

அறுபத்தாறாம் ஏட்டில் பூச்சி பின்னால் போயிருந்தது.

குமரேசன் லென்ஸைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். சுவடியைத் தின்னும் இராமபாணப் பூச்சி வளைந்து நெளிந்து போகாது. ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் வரை ஒரே துளையாகப் போய்விடும். இந்தச் சுவடிக் கட்டில் கொஞ்சம் சாய்வாகப் போயிருந்தது. அதனால் ஏட்டுக்கு ஏடு ஓட்டை ஒரு நூலளவு வலப்பக்கம் நகர்ந்துகொண்டே வந்தது. அறுபத்தைந்து வரை ஒழுங்கு. அறுபத்தாறும் அறுபத்தேழும் மட்டும் முரண்டு பிடித்தன. ஓட்டை இடப்பக்கம் ஓடிப்போயிருந்தது. அறுபத்தெட்டில் விட்ட இடத்திலிருந்து தன் பாட்டுக்குத் தொடர்ந்தது.

ஓரம் பொடிந்து பழைய ஏட்டெண்கள் எல்லாம் போய்விட்டதால் எண் போட்டது அவன்தான். முரண்டு பிடித்த இரண்டையும் உருவி ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தான். ஐம்பத்தேழுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் நடுவில் ஓட்டை ஒரே தாவாகத் தாவியிருந்தது. அங்கே செருகினான். துளைகள் படிக்கட்டு மாதிரி உட்கார்ந்துகொண்டன.

"அக்கா!" என்று கத்தினான்.

பக்கத்து அறையில் இரண்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. பரிமளா ஒன்றை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். தம்பி எட்டு மாதமாக இந்த வீட்டில் இருக்கிறான். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை.

"இன்னாடா, தேள் கீள் கொட்டிச்சா?"

"ராஜா சாகறதுக்கு முன்னாடிதான் பாடியிருக்கறாரு."

"எந்த ராஜா?"

"மணிகேது ராஜா."

"இதுக்கா தறிய நிறுத்தினேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் தம்பி முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் டீ வைத்தாள்.

விஷயம் இதுதான். தேவிகாபுரத்துக்கு அந்தண்டை ஒரு கிராமத்தில் வருடா வருடம் 'மணிகேது மகாராஜா நாடகம்' கூத்து நடக்கும். விடியற்காலையில் ராஜா போரில் விழுந்து சாவார். ராணி அரைமணி நேரம் அழுவாள். அழுது முடித்ததும் செத்த ராஜா எழுந்து உட்கார்ந்து, ராணியோடு ஒரு பாட்டுப் பாடிவிட்டு, மறுபடி படுத்துச் செத்துப்போவார். ஊரில் யாருக்கும் இது விநோதமாகப்பட்டதில்லை. சொல்ல மறந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறார், அவ்வளவுதான்.

அவர் எழுந்திருக்கும் அந்த நேரத்தைச் சுற்றி ஒரு வழக்கமும் வளர்ந்திருந்தது. அந்த வருடம் சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு பன்னீர் சோடாவோடு வரிசையில் வருவார்கள். ராஜாவுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு, போனவரிடம் கேட்க விட்டுப்போனதைக் கேட்பார்கள். ராஜா அவர் சார்பில் பதில் சொல்வார்.

இந்த நாடகத்துக்கு ஒரு சுவடியும் அதைப் பார்த்து எழுதின மூன்று நோட்டுகளும் இருந்தன. எல்லாவற்றையும் ஒப்பிட்டு நல்ல பதிப்பு ஒன்று கொண்டுவர வேண்டும் என்று ஆரணிப் பட்டுக்கடை ஹேமநாத்துக்கு ஆசை. கூத்துக்குச் செலவு செய்கிறவரும் அவர்தான். சுவடிப் படிப்புப் படித்துவிட்டு, வேலூரில் கல்லூரி வேலையை விட்டுவிட்டு, அக்கா வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்த குமரேசனைப் பிடித்து உட்காரவைத்தார்.

மறுநாள் கடையில் வைத்துக் குமரேசன் துளைகளைக் காட்டினான். ஹேமநாத் நெற்றியைச் சுருக்கினார்.

"ஏம்பா, சுவடி ஒண்ணு, நோட்டு மூணு. நாலும் ஒரே மாதிரி சொல்லுது. நாலு பேர் சொல்றது பொய்யி, ஒரு பூச்சி சொல்றது மெய்யா?"

"மூணு நோட்டும் இந்தச் சுவடியப் பாத்து எழுதினதுங்கண்ணா. ஒருத்தர் சொன்னத மூணு பேர் திருப்பிச் சொன்னா அது நாலு சாட்சி இல்ல, ஒரு சாட்சிதான். எப்பவோ கயிறு அறுந்து ஏடு கலைஞ்சிருக்கு. திரும்பக் கோத்தவர் ரெண்டு ஏட்ட இடம் மாத்திக் கோத்துட்டாரு. பாட்டு அந்த ரெண்டு ஏட்டுலயே ஆரம்பிச்சு முடியறதால யாருக்கும் தெரியல. பூச்சி அதுக்கு முன்னாடியே துளச்சிட்டுப் போயிடுச்சு."

ஹேமநாத்துக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் கல்லாவை விட்டே எழுந்துவிட்டார்.

"அப்போ இதுதான் அசல்! அசலத்தான் போடணும். அடுத்த ஞாயித்துக்கெழம கல்யாண மண்டபத்துல அசல்படி ஆடவெச்சுப் பாக்கலாம். திங்கக்கெழம அச்சுக்கு. இனிமே நான் காசு குடுக்கற எந்த ஊர்லயும் புஸ்தகப்படிதான் ஆட்டம்."

குமரேசன் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு டிவிஎஸ் நின்றிருந்தது. உள்ளே இராஜமாணிக்கம் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். கூத்து ஜமாவுக்கு அவர்தான் தலைவர். பகலில் அரிசி மில்லில் மூட்டை எடை போடுவார். இரவில் இருபது வருடமாக மணிகேது ராஜா. சேதி அவரை அதற்குள் எட்டியிருந்தது.

"சார், நான் ஏந்துக்கற எடத்த எடுத்துட்டீங்களாமே?"

"நான் எடுக்கல வாத்தியாரே. அது அங்க இல்லவே இல்ல. நீங்களே யோசிச்சுப் பாருங்க. 'கவசம் எடுத்துவா கண்மணியே, கட்டுச்சோறும் கட்டிவை'ன்னு பாடறீங்க. செத்துப்போனவருக்கு எதுக்குக் கட்டுச்சோறு?"

"அதுக்குக் கட்டியங்காரன் ஒரு ஜோக்கு வெச்சிருக்கறான் சார். எமலோகத்துல மெஸ்ஸு சரியில்லன்னு."

பரிமளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சண்டைக்குப் போறவர் வீட்டுக்காரிகிட்ட சொல்லிக்கினு போற பாட்டு அது" என்றான் குமரேசன். "தெரிஞ்சே தப்பா அச்சடிக்க முடியாதுங்க. வேற எதுக்கும் எனக்கு இப்ப தெம்பு இல்ல. இந்த ஒண்ணையாவது சரியா செய்யறேன்."

இராஜமாணிக்கம் தரையைப் பார்த்தார். "ஒரு ராத்திரி பூரா கத்தறேன் சார். ஜனம் பாதி தூங்கும். அந்த ஒரு நேரத்துக்குத்தான் எல்லாரும் ஏந்து உக்காரும். இந்த வருசம் பதினோரு ஊட்டுக்காரங்க சொல்லி வெச்சிருக்கறாங்க. நான் படுத்தே கெடந்தா அவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

குமரேசன் டீயை அவர் பக்கம் நகர்த்தினான். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

"நீயும் ஒரு சோடா வாங்கிக்கினு போவலாம்" என்றாள் பரிமளா, முகத்தைப் பார்க்காமல்.

"எனக்குக் கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லக்கா."

மாசி மாதத்தில் நாலு நாள் காய்ச்சலில் அவன் மனைவி தீபா போனாள். அதற்கப்புறம் அவனுக்கு அழுகையும் வரவில்லை, வேறெதுவும் வரவில்லை. ஊர்க்காரர்கள் துக்கம் கேட்டார்கள், பதில் சொன்னான். சாப்பாடு போட்டார்கள், சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் ஹேமநாத் பட்டு வேட்டியில், பக்கத்தில் குமரேசன் மடியில் அச்சுப்படியோடு. கிராமத்திலிருந்து இரண்டு வேனில் ஜனம் வந்திருந்தது. வேன் கூரையிலிருந்து சோடாப் பெட்டிகளை இறக்கியதைக் குமரேசன் பார்த்தான். விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

கடைசிப் பகுதியை மட்டும்தான் ஆடினார்கள். சண்டைக்குக் கிளம்பும்போதே ராஜா பாட்டைப் பாடினார். ராணி வேஷம் கட்டிய அருள்தாஸ் கவசத்தை எடுத்து நிஜமாகவே மாட்டிவிட்டார். கட்டுச்சோற்றுக்கு ஒரு மூட்டை வந்தது. இத்தனை காலம் அர்த்தமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்த அடிகள் ஒவ்வொன்றும் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. குமரேசனுக்கு உடம்பு சிலிர்த்தது. கணக்கு சரியாக வந்துவிட்ட சந்தோஷம்.

ராஜா போனார், சண்டை போட்டார், விழுந்தார், செத்தார். ராணி அழுதாள். மிருதங்கம் நின்றது. ஹேமநாத் எழுந்து பலமாகக் கைதட்டினார்.

வேறு யாரும் தட்டவில்லை. யாரும் எழுந்துபோகவும் இல்லை. இருநூறு பேர் ராஜாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு நிமிடம் போயிற்று. மூன்றாவது வரிசையில் ரங்கம்மாள் என்ற பெண் சோடாவோடு எழுந்தாள்.

"இன்னா ராஜா, இன்னும் ஏந்துக்கலயா?"

"இன்னிக்கி அசல் சாவும்மா" என்றான் கூத்துக் கோமாளியான கட்டியங்காரன். "டூப்ளிகேட் சாவா இருந்தா ஏந்துக்குவாரு."

கூடம் சிரித்தது. ஆனால் ரங்கம்மாள் உட்காரவில்லை. ஹேமநாத் திரும்பி, "உக்காரும்மா. புஸ்தகப்படி ஆட்டம் முடிஞ்சுபோச்சு" என்றார்.

"புஸ்தகத்துக்கு முடிஞ்சுது. எனக்கு முடியலயே. எங்க ஊட்டுக்காரரு போர்வெல் பைப்ப யாருக்கோ குடுத்துட்டுப் பூட்டாரு. யாருக்குன்னு நான் யாரப் போய்க் கேப்பேன்?"

"என்னியும் வண்டி வாடக குடுத்துக் கூட்டியாந்தாங்க" என்று பின்னாலிருந்து ஒருவர். "எங்கப்பாகிட்ட ரெண்டு வார்த்த திட்டணும்."

செத்துக்கிடந்த ராஜா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "என்ன ஒண்ணும் கேக்காதீங்கப்பா. சாரக் கேளுங்க."

இருநூறு முகமும் குமரேசன் பக்கம் திரும்பியது. அவன் மடியில் இருந்த அச்சுப்படியைப் பார்த்தான். ஒவ்வொரு வரிக்கும் அவனிடம் ஆதாரம் இருந்தது. பூச்சி பொய் சொல்லவில்லை. ஆனால் பூச்சி சொன்னது ஏடுகள் ஒருகாலத்தில் இருந்த வரிசையைத்தான். இந்தக் கூடத்தில் இப்போது யார் எழுந்திருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

"ஏந்திருங்க வாத்தியாரே" என்றான்.

கூடம் ஓவென்று கத்தியது. ராஜா எழுந்து உட்கார்ந்தார். மறுகணமே முகம் மாறியது.

"சார், ஏந்துட்டேன். ஆனா பாட்டு தீந்துபோச்சே? அத முன்னாடியே பாடிட்டேனே! இப்ப இன்னா பாடறது?"

குமரேசன் யோசித்தான். சுவடியில் இதற்கு விடை இல்லை. மூன்று நோட்டிலும் இல்லை.

"அதையே திரும்பப் பாடுங்க."

"அதே பாட்டா?"

"அதே பாட்டுதான்."

பாடினார். 'கவசம் எடுத்துவா கண்மணியே' என்று தொடங்கியதும் அருள்தாஸ் கவசத்தை எடுக்கக் கை நீட்டினார். அது ஏற்கெனவே ராஜா மார்பில் மாட்டியிருந்தது. அவர் அதைக் கழற்றினார். 'கட்டுச்சோறும் கட்டிவை' என்றதும் பிரிக்காத மூட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. போகிறவன் பாடியபோது ஒன்றாக இருந்த பாட்டு, வந்தவன் பாடும்போது வேறாகிவிட்டது. முன்வரிசையில் ஹேமநாத் மூக்கைச் சிந்தினார்.

பிறகு சோடா வரிசை நகர்ந்தது. ரங்கம்மாளுக்கு, "எந்தம்பி ஊட்டுக் கொட்டாய்ல பாரு, கேட்டா இல்லம்பான், உடாத" என்று பதில் வந்தது. அப்பாவைத் திட்ட வந்தவர் திட்டி முடித்ததும், "நீ மட்டும் ஒழுங்கா?" என்றார் ராஜா. கடைசி ஆள் போனதும் அங்கே குமரேசன் நின்றிருந்தான். எப்போது எழுந்தான், எப்படி வரிசைக்கு வந்தான் என்று அவனுக்கே தெரியாது. கையில் சோடாவும் இல்லை.

"சோடா வேணாம் சார், பதினொண்ணு உள்ள போயாச்சு" என்றார் ராஜா, ஏப்பத்தை அடக்கிக்கொண்டு. "யாரு?"

"தீபா. என் வீட்டுக்காரி."

"கேளுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டான். "உன் போனு பாஸ்வேர்டு இன்னா?"

ராஜா கொஞ்சம் யோசித்தார். "உம் பேரப் போட்டுப் பாத்தியா?"

"போட்டேன். திறக்கல."

"அப்ப உடு. எதுக்கு எம் போன நோண்டுற?"

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. குமரேசனும் சிரித்தான். அவள் சொல்லியிருந்தால் இதே வார்த்தைதான், இதே எரிச்சல்தான். சிரித்துக்கொண்டே இருந்தவனுக்குக் கண்ணில் நீர் கட்டியது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பரிமளா வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். ராஜா அவன் தலையில் ஒரு கை வைத்துவிட்டு, படுத்து, ஒழுங்காகச் செத்துப்போனார்.

திங்கட்கிழமை காலை அச்சகத்துக்குப் போன கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு ஹேமநாத் போனில் கூப்பிட்டார்.

"பாட்டு ரெண்டு எடத்துல கீதே, குமரேசா?"

"ஆமாங்கண்ணா. முதல் இடம் சுவடிப்படி. ரெண்டாவது இடம் ஆடினபடி."

"ரெண்டாவதுக்கு எந்தச் சுவடி ஆதாரம்னு கேட்டா?"

"அடிக்குறிப்புல இருக்குதுங்க."

அடிக்குறிப்பில் இப்படி இருந்தது: 'இவ்விடத்தில் இப்பாடல் சுவடியில் முதலில் இருந்ததன்று. ஏடு மாறியதால் வந்து, வழக்கால் நிலைத்தது. பாடல் இரண்டாம் முறை பாடப்படுவது எந்தப் பிரதியிலும் இல்லை. ஆரணிக் கல்யாண மண்டபத்தில், பதிப்பாசிரியர் சொல்லிப் பாடியது. பிழையாயின், பிழை அவருடையது.'

ஹேமநாத் இரண்டு முறை படித்தார் போலிருக்கிறது. "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அந்த அழைப்பு முடிவதற்குள் இன்னொன்று வந்தது. இராஜமாணிக்கம். பின்னால் மில் இரைச்சல்.

"சார், வெம்பாக்கத்துக்காரங்க ஆட்டம் கேக்கறாங்க. யாரோ வாட்ஸாப்புல அனுப்பிட்டானாம். ரெண்டு வாட்டி பாடறது அவங்களுக்குப் போதலயாம், மூணு வாட்டி பாடணுமாம். பாடலாமா?"

குமரேசன் பேனாவைத் தேடி எடுத்தான்.

"பாடுங்க வாத்தியாரே. ஆனா எந்த ஊரு, எந்தத் தேதி, யார் கேட்டாங்கன்னு எழுதிவெச்சு எனக்கு அனுப்பிடுங்க."