ஆர்வில் செய்த அலமாரியும் இரண்டாம் எண் பாட்டிலும்

ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாம் வியாழன் மாலை கடையில் கூடியிருந்தவர்கள்: கல்லாவுக்குப் பின்னால், நின்றபடி, கடையைப் பார்த்துக்கொள்ளும் பெர்னடெட், அவளுக்கு உட்காரவே பிடிக்காது. இடப்புறம், கண்ணாடிக் கோப்பைகள் இருக்கும் புது அலமாரியை ஒட்டி, அதைத் தன் கையால் செய்து கடைக்குக் கொடுத்த தச்சர் ஆர்வில். ஜன்னலோரம், பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் இனேஸ். வாசலருகே, காற்று வரட்டும் என்று கதவைக் காலால் தள்ளிப் பிடித்தபடி, பள்ளிப் பேருந்து ஓட்டும் ஹால்வர். மேசைக் கோடியில், விளக்கடியில், லோர்னாவாகிய நான். முடிவைக் கடிதமாக எழுதுவது என் பொறுப்பு என்பதால் வெளிச்சம் எனக்கு.

உள்ளே இல்லாத ஒருவனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எதிர்ச்சாரியில், தன் பிக்கப் வண்டிக்குள், டோபின் உட்கார்ந்திருந்தான்.

எங்கள் ஒயின் கடை ஊரார் பங்கு போட்டு நடத்துவது. ஏரிக்கரைத் தோட்டக்காரர் யார் ஒயின் கொண்டுவந்தாலும் வியாழக்கிழமை காகிதப் பையில் மூடி, எண் போட்டு, சுவைத்துப் பார்த்த பிறகே விற்பனைத் தட்டில் இடம். செய்தவர் அப்போது உள்ளே இருக்கக் கூடாது. முடிவை யாரும் வாயால் சொல்லவும் கூடாது, கடிதம்தான். முன்பு ஒருவர் முகத்துக்கு நேரே விமரிசனம் கேட்டு, இரண்டு குளிர்காலம் ஊருக்குள்ளேயே கால் வைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த வழக்கம் இது.

டோபின் இத்தனை வருடமும் பழத்தை மட்டும் விளைவித்து, மேட்டிலுள்ள பெரிய ஒயின் ஆலைக்கு விற்றுவந்தவன். போன அறுவடையில்தான் ஏரியைப் பார்த்த சரிவின் பழத்தை விற்காமல் வைத்துக்கொண்டு முதன்முதலாகத் தானே ஒயின் செய்தான். வருகிற அறுவடைக்கு ஆலையோடு திங்கட்கிழமை ஒப்பந்தம் போட்டாக வேண்டும். தீவனக் கடையில் பார்த்தபோது என்னிடம் சொன்னான்: "நீங்க எடுத்துக்கிட்டா அந்தச் சரிவை மட்டும் ஒப்பந்தத்துல சேர்க்காம விட்டுடுவேன். இல்லேன்னா எல்லாத்தையும் அவங்களுக்கே எழுதிக் கொடுத்துட்டு, பழக்காரனாவே இருந்துட்டுப் போறேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கையிலிருந்த சாவியை விடாமல் திருகிக்கொண்டே இருந்தான்.

அன்று பையில் மூடிய பாட்டில்கள் மூன்று. அதில் ஒன்று அவனுடையது, மற்ற இரண்டும் ஒப்பிட்டுப் பார்க்கக் கடையிலிருந்தே எடுத்தவை என்று தெரியும். எது என்று பெர்னடெட்டுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் அவளுக்கு ஓட்டு கிடையாது. மற்ற நால்வரும் பிடித்திருந்தால் வெள்ளைக் கிண்ணத்தில், பிடிக்காவிட்டால் நீலக் கிண்ணத்தில் ஒரு கார்க்கைப் போட வேண்டும். வெள்ளையில் மூன்று விழுந்தால் இடம் உண்டு.

ஒன்றும் மூன்றும் அடர்ந்த சிவப்பு, மணமும் கனம். இரண்டாம் எண் இளமஞ்சளாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் ஹால்வர் முகத்தைச் சுளித்தான்.

"மழைக்காலத்துல என் பஸ்ஸோட கடைசி சீட்டு இப்படித்தான் நாறும்."

"புதுச் செருப்பு டப்பா மாதிரி இருக்கு," என்றாள் இனேஸ்.

"கார்க் கெட்டு ஒயின்ல நாத்தம் ஏறியிருக்கும். இன்னொன்னு திறக்கறேன்," என்றாள் பெர்னடெட். இதற்காகத்தான் எப்போதும் இரண்டு பாட்டில் கேட்டு வாங்குவோம். இரண்டாவதைப் புதுக் கோப்பைகளில் ஊற்றினாள். அதே வாசனை. இரண்டு கார்க்கும் ஒன்றுபோலக் கெட்டிருக்க வழியில்லை. அப்படியானால் ஒயினே கெட்டதுதான்.

நான்கு கார்க்கும் நீலத்தில் விழுந்தன. பெர்னடெட் மெதுவாகப் பையை உருவினாள். டோபினின் மனைவி கையால் எழுதி ஒட்டிய லேபிள்.

ஹால்வர் கதவிலிருந்து காலை எடுத்துவிட்டான். வெளியே நிற்கும் வண்டி கண்ணில் படக் கூடாது என்று நினைத்திருப்பான்.

நான் தாளை எடுத்தேன். 'அன்புள்ள டோபின்' என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. ஒரு வருட உழைப்பைச் செருப்பு டப்பா என்று எப்படி எழுதுவது?

இனேஸ் வாய் கொப்பளிக்க அலமாரியிலிருந்து வேறொரு கோப்பை எடுத்துக் குழாய்த் தண்ணீர் பிடித்தாள். வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள். மறுபடி முகர்ந்தாள்.

"லோர்னாக்கா, இங்க வாங்களேன். தண்ணியிலயும் அதே வாசனை."

"உன் மூக்குல ஒட்டிக்கிச்சு," என்றான் ஹால்வர்.

"உன் மூக்கைத்தான் வையேன்."

வைத்தான். சிரிப்பு நின்றது. நானும் முகர்ந்தேன். அதே அடைபட்ட வாசனை, மெல்லியதாக. பெர்னடெட் காகிதக் கப்பில் அதே குழாய்த் தண்ணீரைப் பிடித்து நீட்டினாள். ஒன்றுமில்லை. அப்படியானால் தண்ணீரில் இல்லை. ஈரமே படாத காலிக் கோப்பை ஒன்றை எடுத்துத் தலைகீழாக முகத்தில் கவிழ்த்தாள் இனேஸ். "இதுக்குள்ளதான் இருக்கு!"

நான்கு பேரும் அலமாரியைத் திரும்பிப் பார்த்தோம். பிறகு, பார்க்காததுபோல, வேறு பக்கம் பார்த்தோம்.

ஆர்வில் வசந்தம் முழுக்க அதற்காகவே உழைத்தவர். பைன் மரம், கதவுகள் தூசி நுழையாதபடி இழைத்தது போலச் சேரும். அலமாரி வந்த நாளிலிருந்து பெர்னடெட் கழுவிய கோப்பைகளை ஈரம் முழுதாகக் காயும் முன்பே அதற்குள் கவிழ்த்து வைத்து மூடிவிடுகிறாள். புது மரத்தின் வாசனை முழுக்கக் கோப்பைக்குள் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. அடர்ந்த சிவப்பு இரண்டிலும் அது தெரியாமல் அமுங்கிவிட்டது.

"என்ன எல்லாரும் சாமி கும்பிடற மாதிரி நிக்கறீங்க?" என்றார் ஆர்வில்.

"பெருசு, கோவிச்சுக்காதே. உன் அலமாரிக்குள்ள கொஞ்சம் தலையை விட்டுப் பாரு," என்றான் ஹால்வர்.

ஆர்வில் கதவைத் திறந்து தோள்வரை உள்ளே போனார். நன்றாக மூச்சை இழுத்தார். வெளியே வந்தார்.

"ஒண்ணும் வரலையே."

"ஒண்ணுமேயா?"

"மரம் இருக்கு, அவ்வளவுதான். மரத்துக்கு என்ன வாசனை?"

ஐம்பது வருடமாக மரத்தூளைச் சுவாசித்தவர். அவர் மூக்குக்கு அது வெறும் காற்று. அது புரிந்ததும் பெர்னடெட் முதலில் சிரித்தாள். "அப்போ நீ எதுக்கு ஐயா நீலத்துல போட்டே?"

"புளிப்பு. தாடை கூசுது. நீங்கள்லாம் எதுக்குப் போட்டீங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

கோப்பைகளைக் கொதிநீரில் கழுவி, ஜன்னல் திட்டில் துணி விரித்து, வாய் மேல்நோக்கி இருக்கும்படி வைத்தோம். காயும்வரை யாரும் அலமாரிப் பக்கம் போகவில்லை. அப்போதுதான் அடுத்த சிக்கல் இனேஸுக்குத் தோன்றியது.

"இப்போ இது டோபினோடதுன்னு நமக்குத் தெரியும். யாரு வேண்டாம்னு சொல்லுவா? பாவம்னு வெள்ளையில போட்டா அது ஓட்டா?"

"நான் போடுவேன் வேண்டாம்னு," என்றார் ஆர்வில்.

"உன்னைத் தவிர!" என்றான் ஹால்வர்.

பெர்னடெட் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். கடையிலிருந்து, அதே ரீஸ்லிங் வகை வெள்ளை ஒயினில், வேறு இரண்டு பாட்டில்களையும் எடுத்துப்போனாள். திரும்பி வந்தபோது ஆளுக்கு மூன்று கோப்பை. கோப்பையின் அடியில் எழுத்து மட்டும், ஒவ்வொரு எழுத்துக்கும் தனி ஓட்டு. எங்களில் யாருக்கும் எது எதுவென்று தெரியாது.

என் இரண்டாவது கோப்பையில் பச்சை ஆப்பிளைக் கடித்த உடனே வரும் வாசனை. அதன் பின்னால் மழை நனைத்த கூழாங்கல். குடித்தால் கூர்மை, நாக்கின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு மெல்ல விட்டது. இன்னொரு வாய் வேண்டும் போலிருந்தது. இது யாருடையதாக இருந்தாலும் எங்கள் விற்பனைத் தட்டில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பேசக் கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டு கார்க்கைப் போட்டேன்.

பெர்னடெட் எழுத்துகளைப் பார்த்துச் சொன்னாள். டோபினுக்கு வெள்ளையில் மூன்று, நீலத்தில் ஒன்று.

"அந்த ஒண்ணு நான்தான்," என்றார் ஆர்வில். "ஒரு வாரம் முந்திப் பறிச்சுட்டான். லோர்னா, அதையும் எழுது. என் பேரைப் போட்டே எழுது."

"அலமாரி விஷயம் வேண்டாமே," என்றாள் பெர்னடெட், தயங்கி. "ஈரத்தோட வெச்சது நான். ஊரெல்லாம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்," என்றார் ஆர்வில். "அலமாரி வந்தப்பறம் இன்னும் ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கோம். அவங்களுக்கும் எழுத வேண்டாமா? கதவுல காத்து போக நாளைக்கே ஓட்டை போட்டுத் தர்றேன். நீ காய வெச்சு வை."

பெர்னடெட் ஒரு கோப்பையைத் துடைத்து, வாய் மேல்நோக்கி வைத்து, "எழுதுங்க," என்றாள்.

எழுதினேன். முதலில் நால்வரும் மறுத்ததையும், மறுத்ததற்குக் காரணம் எங்கள் கோப்பைகள் என்பதையும், மறுபடி மூடிச் சுவைத்த விதத்தையும், மூன்று பேர் ஏற்றதையும், இரண்டு பெட்டி எடுத்துக்கொள்கிறோம் என்பதையும் வரிசையாக எழுதினேன். ஆர்வில் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சேர்த்தேன். அந்தச் சரிவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது அவன் முடிவு. மற்ற இருவருக்கும், தயவுசெய்து இன்னும் இரண்டு பாட்டில் அனுப்பி எங்களை மன்னிக்குமாறு, தனித்தனியாக எழுதினேன்.

"எதிர்லதானே இருக்கான்," என்றான் ஹால்வர். "கையில கொடுத்துட்டா என்னவாம்?"

"கொடுத்தா உன் மூஞ்சியைப் பார்த்தே தெரிஞ்சுக்குவான். நாளைக்கு இன்னொருத்தன் வாசல்ல வந்து நிப்பான்," என்றாள் பெர்னடெட். "தபால் சனிக்கிழமையே போய்ச் சேந்துடும். திங்களுக்குள்ள கையில இருக்கும்."

மூன்று கடிதங்களையும் தனித்தனி உறையில் போட்டு, ஓரத்தை நாக்கால் நனைத்து அழுத்தினேன். ஸ்டாம்ப் ஒட்டினேன். தெருமுனைத் தபால் பெட்டிக்கு டோபினின் வண்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. அவன் வணக்கம் சொல்லவில்லை, நானும் நிற்கவில்லை. முகத்தை ரொட்டிக்கடைப் பக்கமே வைத்துக்கொண்டு நடந்து, பெட்டியின் வாயைத் திறந்து, மூன்றையும் உள்ளே விட்டேன்.